பிரித்து வைத்த சப்பாத்து

அந்தப் பல்கலைக்கழகத்தில் நான் முதலில் கண்ட புதினம் கோபுரமும் இல்லை, கல் வளைவுகளும் இல்லை. சைக்கிள் சீற்றை, ஏறி இருந்து ஓட்டுகிற அந்த இருக்கையை, கையில் பிடித்தபடி நடந்து போன ஒரு பெண். சைக்கிளைக் காணவில்லை. சீற் மட்டும்தான். கறுத்த சீற், அதன் அடியில் இரும்புக் குழாயும் அப்படியே இருந்தது. சந்தையில் வாங்கிய தேங்காயைக் குடுமியில் பிடித்துக்கொண்டு வருவதுபோல, அவள் அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குள் போனாள்.

நான் பெட்டியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் வந்தான். அவன் கக்கத்திலும் ஒரு சீற். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இது இந்த இடத்தின் ஏதோ ஒரு பழைய வழக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நூற்றாண்டுக் கணக்கில் பழமையான பல்கலைக்கழகம். அங்கி போடுவார்கள், இலத்தீனில் செபம் சொல்லிச் சாப்பிடுவார்கள் என்றெல்லாம் வாசித்திருந்தேன். சீற் தூக்குவதைப் பற்றி மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

யாரிடமும் கேட்கவில்லை. அது என் குணம். மன்னாரில் வங்காலையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா கடல்தொழில், அம்மா கருவாடு போடுகிறவர். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இருவருடைய படிப்பும் சின்ன வகுப்புகளோடு நின்றுவிட்டது. பாடத்தில் விளங்காததை வீட்டில் கேட்க ஆளில்லை. வெளியில் கேட்டால், "மீன்காரற்ற மகளுக்கு உது விளங்காதுதானே" என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆகவே கேட்காமல், பார்த்தே பிடித்துக்கொள்ளப் பழகினேன். யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்ததும் அப்படித்தான். கட்டுக்கரைக் குளம் போன்ற பழைய குளங்கள் வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்ட விதத்தை ஆராய இங்கிலாந்துக்குப் புலமைப்பரிசில் கிடைத்ததும் அப்படித்தான். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது புதினம் புல்.

நான் தங்கிய கல்லூரியின் நடுவே சதுரமாக ஒரு முற்றம். அதில் முழுக்கப் புல். ஒரு சருகு இல்லை, ஒரு முள் இல்லை. பச்சைத் துணியை இழுத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தது போலிருந்தது. ஆனால் மாணவர்கள் அதில் கால் வைக்கக்கூடாது. கற்பித்துப் பழுத்தவர்கள் மட்டும் நடக்கலாம். மற்றவர்கள் ஓரத்துக் கற்பாதையால் சுற்றிப் போக வேண்டும். ஒரு நாள் நரைத்த தலைக்காரர் ஒருவர் அந்தப் புல்லின் குறுக்கே சாவகாசமாக நடந்து போவதை யன்னலால் பார்த்தேன். காலுக்கடியில் அது எப்படி இருக்கும்? மெத்தை போலவா, பாசி போலவா? அந்த யோசனை என்னை விடவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவுக்கு வீடியோவில் அதைக் காட்டினேன்.

"உதில மாடு கட்டுறேல்லையோ?"

"இல்லை அம்மா."

"ஆடு?"

"ஒண்டும் இல்லை. ஆக்களே நடக்கக்கூடாது."

"அப்ப புல்லை ஆர் தின்னுறது?"

"ஒருத்தரும் தின்னுறேல்லை. மெசினால வெட்டி எறியிறவை."

 அம்மா பக்கத்து வீட்டிலிருந்த சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "இஞ்ச வந்து பாரடி. மன்னார் ரவுணில கழுதையள் காட்போட் பெட்டியைத் தின்னுதுகள். இவையள் புல்லை வெட்டி எறியினமாம்."

சின்னம்மா போனுக்குள் முகத்தை நீட்டினார். "மகள், வரேக்க ஒரு கட்டுக் கொண்டு வா."

என் பக்கத்து அறையில் ஒருத்தி இருந்தாள். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து வந்தவள். தகப்பன் பஸ் ஓட்டுகிறவர். அவள் வீட்டிலும் அவள்தான் முதன்முதல் பல்கலைக்கழகம் வந்தவள். ஆனால் என் குணத்துக்கு நேர் எதிர். எதையும் யாரிடமும் கேட்பாள். முள்ளுக்கரண்டிகளில் எதை முதலில் எடுப்பது என்று பரிமாறுகிறவரிடமே கேட்பாள். அவள் ஆங்கிலம் வேகமானது, இழுவை வேறு. எப்படியோ என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

அவள்தான் சேர்க்கைச் சடங்கைப் பற்றி எல்லாம் விசாரித்து வந்து எனக்குச் சொன்னவள். முதல் கிழமை முடிவில் புதிய மாணவர்கள் எல்லோரும் கறுப்பு அங்கியோடு, இரண்டிரண்டு பேராக ஊர்வலமாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்துக்குப் போக வேண்டும். அங்கே தலைவர் இலத்தீனில் சில வசனங்கள் சொல்லுவார். அதைக் கேட்ட பிறகுதான் ஒருவர் மாணவர். அதுவரை விருந்தாளி மாதிரித்தான்.

"உடுப்புச் சரியில்லையெண்டால் மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பிப்போடுவினமாம்" என்றாள். "வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கறுப்புச் சப்பாத்து. போன வருசம் ஒருத்தன் மண்ணிறச் சப்பாத்தோட போய்த் திரும்பி வந்தவனாம்."

"திரும்பி வந்தால்?"

"அடுத்த தவணை வரைக்கும் காத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்."

என்னால் இருக்க முடியாது. அந்தச் சேர்க்கை முடிந்த பிறகுதான் புலமைப்பரிசில் தருகிறவர்கள் என்னைத் தங்கள் ஆளாக எடுப்பார்கள். அதைவிடப் பெரிய இக்கட்டு ஊரில் இருந்தது. அம்மா சொல்லி, பங்குச் சுவாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே அறிவித்துவிட்டார், இந்தக் கிழமை நம் பிள்ளை ஒருத்தி அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் சேருகிறாள் என்று. சேராமல் நான் எந்த முகத்தோடு போனை எடுப்பது?

சப்பாத்தைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அதை மன்னார் ரவுணில் அம்மாவோடு போய் வாங்கியிருந்தேன். கடைக்காரர் முஸ்லிம், நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்கு அம்மாவை நெடுநாளாகத் தெரியும். அவர் வீட்டுக் கட்டாக் கருவாடு அம்மாவிடம் வாங்குவதுதான்.

"நானா, பிள்ளை வெளிநாட்டுக்குப் போறா. நல்லதாப் பாத்துத் தாங்கோ" என்றார் அம்மா.

"தங்கச்சி, இது அசல் தோல். மழையிலயும் ஓடும், பனியிலயும் ஓடும்."

"பனியில ஓடினதை நீங்கள் எங்க கண்டனீங்கள்?"

"நான் காணேல்ல. பிள்ளை கண்டுபோட்டு வந்து சொல்லட்டும்."

சடங்கு நாள் காலையில் முதலில் கல்லூரியின் சொந்தக் கோவிலில் கூடி, சின்னச் செபம் ஒன்று சொல்லிவிட்டு அங்கிருந்து ஊர்வலம் புறப்படும் என்றார்கள். கோவில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தைத்தான். கோவில் என்று கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. மற்றதெல்லாம் புதிது, இது எனக்குத் தெரிந்த இடம். ஊரில் பெரிய பூசைக்கு முன்வரிசையில் இடம் பிடிப்பதுபோல, எல்லோருக்கும் முன்பாகப் போய்விட்டேன்.

வாசலில் ஒரு செருப்பும் இல்லை. நான்தானே முதல் ஆள், அதனால் இல்லை என்று எண்ணினேன். யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க ஆளும் இல்லை, கேட்கிற எண்ணமும் இல்லை. எங்கள் ஊரில் கோவிலுக்குள் வெறுங்காலோடுதான் போவோம். சப்பாத்தைக் கழற்றி, காலுறைகளைச் சுருட்டி அதற்குள் செருகினேன்.

அடுத்து நான் செய்தது அம்மா பழக்கியது. திருவிழாவுக்கு எங்கள் கோவில் வாசலில் செருப்புகள் ஒரு மலையாகக் கிடக்கும். பூசை முடிந்து வந்தால், புதுச் செருப்பாகப் பார்த்து யாராவது போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். ஒருமுறை சின்னம்மா வெறுங்காலோடு சுடுமணலில் துள்ளித் துள்ளி வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அம்மாவின் சட்டம் இது: "சோடியா வைக்காதை பிள்ளை. ஒண்டை இந்தப் பக்கம் வை, மற்றதை அந்தப் பக்கம் வை. ஒற்றைச் செருப்பை எந்தக் கள்ளன் கொண்டுபோவான்?"

வலதுகால் சப்பாத்தை, குடைகள் செருகி வைக்கும் தாழிக்குப் பின்னால் வைத்தேன். இடதுகால் சப்பாத்தைக் கதவுக்கு அந்தப் பக்கம் தூணின் அடியில் வைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு உள்ளே போனேன். தீர்த்தத்துக்குக் கை நீட்டினேன். தீர்த்தத் தொட்டி இல்லை, வெறும் சுவர்தான் கையில் பட்டது.

முன்வரிசையில் போய் இருந்தேன். உள்ளங்காலில் ஏதோ மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால், தரைக் கல்லில் எழுத்து வெட்டியிருந்தது. ஒரு பெயர், அதன் கீழே பிறந்த வருடம், இறந்த வருடம். திடுக்கிட்டுக் காலைத் தூக்கினேன். எங்கள் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தப் போகும்போது தவறி ஒரு கல்லறையை மிதித்துவிட்டால், குனிந்து தொட்டுச் சிலுவை போடுவோம். அப்படியே செய்தேன். காலைப் பக்கத்துக் கல்லில் வைத்தேன். அதிலும் ஒருவர் இருந்தார். அவரையும் தொட்டுச் சிலுவை போட்டேன்.

தரை முழுக்க ஆட்கள். சில பெயர்கள் நல்லாய் வாசிக்கக்கூடியதாக இருந்தன. சிலவற்றில் பாதி எழுத்துத் தேய்ந்திருந்தது. எது தேய்த்தது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே பின்னால் சத்தம் கேட்டது. டக், டக், டக். மற்ற மாணவர்கள் வருகிறார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் சப்பாத்தோடு. தங்கள் முன்னோரின் பெயர்மேல் குதி வைத்து நடந்து வந்து இருந்தார்கள். முன்னோர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு விளங்கியது. எழும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் நடைபாதையில் எல்லோரும் பார்க்க வெறுங்காலோடு திரும்பிப் போவதா? பாவாடை நீளம், அங்கி அதைவிட நீளம். விரல்களை உள்ளே இழுத்து மடக்கிக்கொண்டு நிமிர்ந்து இருந்தேன். முடிந்ததும் கடைசி ஆளாகப் போய், ஆறுதலாகப் போட்டுக்கொள்வோம் என்று நினைத்தேன்.

பக்கத்து அறைக்காரி வந்து அருகில் இருந்தாள். அங்கிக்குள்ளிருந்து எதையோ எடுத்து, நாங்கள் இருந்த வாங்குக்கு அடியில் வைத்தாள். சைக்கிள் சீற். கடவுளே, இவளுமா! கோவிலுக்குள்ளுமா! செபம் நடந்த நேரம் முழுக்க என் கண் அந்தச் சீற்றில்தான் இருந்தது.

செபம் முடிந்து எல்லோரும் வெளியே போய் முற்றத்தின் ஓரத்தில் இரண்டிரண்டு பேராக வரிசையானார்கள். நான் கடைசியாக வாசலுக்கு வந்தேன். தாழிக்குப் பின்னால் வலதுகால் சப்பாத்து பத்திரமாக இருந்தது. தூணின் அடியில் ஒன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தேன், படிகளுக்குக் கீழே பார்த்தேன். இல்லை.

பக்கத்து அறைக்காரி வரிசையை விட்டு ஓடி வந்தாள். "என்னடி தேடுறாய்? புறப்படப்போகினம்."

"சப்பாத்து."

"அது கையில இருக்கே."

"மற்றது."

அவள் என் காலைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். "ஒற்றைச் சப்பாத்தை ஆர் எடுக்கிறது?"

"ஒருத்தரும் எடுக்கமாட்டினம். அதுக்குத்தானே பிரிச்சு வச்சனான்!"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் நின்று யோசிக்கிற ஆள் இல்லை. படியில் நின்ற ஒருவனிடம் கேட்டாள். அவன் இன்னொருவனிடம் கேட்டான். பதில் உடனே வந்தது. ஊர்வலத்துக்கு வழி விடுவதற்காக, வாசலில் கிடந்தவற்றையெல்லாம் சற்று முன்தான் கூட்டி அள்ளி வாசல் கந்தோருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தபால், திறப்பு, தொலைந்த சாமான் எல்லாவற்றையும் பார்க்கிற அந்தக் கந்தோர், முற்றத்தின் எதிர்ப்பக்கம் பெரிய கதவோடு ஒட்டி இருந்தது.

கற்பாதையால் சுற்றிப் போனால் முழு வரிசையையும் இடித்து விலக்கிக்கொண்டு போக வேண்டும். வரிசையின் முன்பகுதி ஏற்கனவே நகரத் தொடங்கியிருந்தது. கதவு திறந்தாயிற்று. எனக்கும் கந்தோருக்கும் நடுவில் புல்.

"புல்லில கால் வையாதை!" என்று அவள் கத்தினாள். கத்தாமல் இருந்திருந்தால் பாதிப்பேர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கால் வைத்தேன். ஓடவில்லை. ஓடினால் களவெடுத்தவள் போலிருக்கும். ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் பாவாடைக் கரை. தோணி வரும் நேரத்தில் அலைத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல, நிமிர்ந்து நடந்தேன். இரண்டு பக்கமும் அங்கி போட்டவர்கள் நின்று பார்த்தார்கள். முகம் எரிந்தது. கால் மட்டும் தன் பாட்டுக்கு இன்னொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புல் மெத்தையும் இல்லை, பாசியும் இல்லை. குளிர்ந்து, ஈரமாய், அடியில் இறுக்கமாய் இருந்தது. கட்டுக்கரை வாய்க்கால் வரம்பில், தண்ணீர் திறந்துவிட்ட மறுநாள் காலையில் நடந்தால் இப்படித்தான் இருக்கும். இவ்வளவு நாளும் யன்னலால் பார்த்து நான் யோசித்ததற்கு விடை இவ்வளவுதான்.

வாசல் கந்தோரில் என் அம்மா வயதில் ஒரு பெண்மணி, தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அவர் கையில் என் இடதுகால் சப்பாத்து. அதை வாலில் பிடித்த மீன்போலத் தூக்கி வைத்திருந்தார்.

"புல்லில வந்தனீர்" என்றார். அவருடைய ஆங்கிலமும் என் காதில் ஊர்த் தமிழாகவே விழுந்தது.

"ஓம்."

"அது பிழை."

"ஓம். என்ர சப்பாத்து."

அவர் தரவில்லை. "நான் இந்தக் கந்தோரில கனகாலம். குடை வந்திருக்கு, பல்லு செற் வந்திருக்கு, ஒருக்கா ஆமையும் வந்தது. ஒற்றைச் சப்பாத்து வந்ததில்லை. குப்பையெண்டு எறியப் பாத்தன். ஏன் ஒண்டை மட்டும் அங்க வச்சனீர்?"

பொய் சொல்ல வரவில்லை. "களவு போகாமல் இருக்கிறதுக்கு."

அவர் முகம் மாறியது. "இஞ்சயோ? இது எத்தினை நூற்றாண்டுக் கல்லூரி! இஞ்ச ஆர் பிள்ளை களவெடுக்கிறது?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைக்காரி மூச்சு வாங்கக் கற்பாதையால் ஓடி வந்து சேர்ந்தாள். கையில் சீற். அந்தப் பெண்மணி சீற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இனிக் கேட்காமல் என்னால் முடியாது என்று ஆகிவிட்டது.

"உது என்ன சடங்கு? எல்லாரும் ஏன் சீற்றைக் கொண்டு திரியிறீங்கள்?"

"சடங்கோ?" அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வெளியில சைக்கிளை விட்டால் களவெடுத்துக்கொண்டு போடுவினம். சீற்றைக் கழட்டினால், சீற் இல்லாத சைக்கிளை ஆர் ஓட்டிக்கொண்டு போறது?"

 அந்தப் பெண்மணி சப்பாத்தை மேசையில் வைத்து, அதன் பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தொப்பி சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது நான் சின்ன வயதில் கேட்ட சிரிப்பு இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"கதிரையில இரும். கெதியாப் போடும்" என்றார். "வரிசை போகுது."

காலுறையில் புல் ஒட்டியது. சப்பாத்து நாடாவின் முடிச்சு ஒன்று கையில் சிக்கி அவிழவே மாட்டேன் என்றது. பக்கத்து அறைக்காரி குனிந்து இடதுகாலைக் கட்டினாள், நான் வலதுகாலைக் கட்டினேன். சீற் என் மடியில் இருந்தது. வரிசையின் கடைசிச் சோடி கதவைத் தாண்டும்போது நாங்கள் இருவரும் பின்னால் ஒட்டிக்கொண்டோம்.

மண்டப வாசலில் சிவப்பு அங்கி போட்ட ஒருவர் நின்று ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடைசியாக என் முறை. அவர் கண் என் சப்பாத்தில் நின்றது. இடது குதியில் ஒரு பச்சைப் புல்லிதழ் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கறுப்புச் சப்பாத்து, சோடியாக, சரியாக இருந்தது. கையால் உள்ளே காட்டினார்.

உள்ளே நடந்தது மிகச் சிறியது. தலைவர் எழும்பி, தொப்பியைத் தொட்டு, இலத்தீனில் ஏதோ சொன்னார். ஊரில் வயதானவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பழைய செபங்களின் ஓசை அதில் இருந்தது. ஆமென் சொல்ல வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். முடிந்தது. எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவி.

வெளியே வந்ததும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மழை இருட்டிக்கொண்டு வந்ததாம். காயப் போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "சேந்திட்டியோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சேந்திட்டன் அம்மா."

"இயேசுவே! சுவாமியிட்டச் சொல்லவேணும். சப்பாத்துக் கவனமோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் பிரித்து வைத்ததையும் இடதுகால் காணாமல் போனதையும் ஊரே பார்க்கப் புல்லில் நடந்ததையும் சொன்னேன். உங்களுடைய சட்டத்தால்தான் எனக்கு இந்தக் கதி என்று முடித்தேன்.

"என்ன கதை கதைக்கிறாய்?" என்றார் அம்மா. "பிரிச்சு வச்சபடியால்தானே ஒண்டெண்டாலும் மிஞ்சினது? சோடியா வச்சிருந்தால் ரெண்டையுமெல்லே அள்ளிக்கொண்டு போயிருப்பினம்!"

 போனுக்குள் சின்னம்மாவின் குரல் கேட்டது. "புல்லு எப்பிடியாம்?"

"கட்டுக்கரை வரம்பு மாதிரி."

"உதுக்கோ இவ்வளவு காவல்?"

அம்மா ஒரு கூடை கருவாட்டை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"பிள்ளை, உந்தப் பெட்டை சீற்றைக் கழட்டிக்கொண்டு போறாள், சரி. உருளுற சில்லை என்ன செய்யிறாள்? முன்சில்லைக் கழட்டிக்கொண்டு போகமாட்டானோ கள்ளன்?"

எனக்கு அது தோன்றவில்லை. நல்ல கேள்வி.

"கேட்டுச் சொல்லுறன் அம்மா" என்று சொல்லிவிட்டு, அறைக்குத் திரும்பியதும் அங்கியைக்கூடக் கழற்றாமல் பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன்.